பத்தாமவன் எங்கே?



வேதாந்தம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்குக் காவியுடையும் மலைக்குகையுமே நினைவுக்கு வருகின்றன. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னர் படிக்க வேண்டியது அது என்றும், வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளமும் தீர்ந்த காலத்தில் சிந்திக்கத் தக்கது என்றும் அதனை ஒதுக்கி வைக்கிறோம். ஆயின், அத்துவைதம் ஆராய்வது தொலைவில் உள்ள பொருள் ஒன்றையன்று. காலையில் கண் விழித்தது முதல் இரவில் உறங்கும் வரை நாம் ஓயாமல் வழங்கிவரும் ஒரு சிறு சொல்லின் பொருளையே அது ஆராய்கிறது. 'நான்' என்பதே அச்சொல். நான் வந்தேன், நான் சொன்னேன், எனக்கு வலித்தது, என்னை மதிக்கவில்லை என்று ஒரு நாளில் எத்தனை முறை கூறுகிறோம்! அவ்வாறு கூறுபவன் யாவன் என்று நின்று கேட்பது அரிது. இக்கேள்வியை விளக்குவதற்குப் பெரியோர் கையாண்ட ஒரு பழங்கதையைத் துணையாகக் கொண்டு, நம் அன்றாட மனவாழ்வில் அதற்குள்ள இடத்தைச் சிறிது சிந்திப்போம்.

பத்துப் பேர் வெள்ளம் பெருகிய ஓர் ஆற்றைக் கடந்தனர். அக்கரை சேர்ந்ததும், எல்லோரும் நலமாக வந்து சேர்ந்தனரா என்று அறிய அவர்களுள் ஒருவன் எண்ணினான். ஒன்பது பேரே இருந்தனர். ஐயுற்ற மற்றொருவன் எண்ணினான், அப்போதும் ஒன்பதே. ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தும் கணக்கு மாறவில்லை. எண்ணியவன் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு ஏனையோரை மட்டுமே எண்ணினான் என்பது எவருக்கும் தோன்றவில்லை. பத்தாமவனை ஆறு கொண்டுபோய்விட்டது என்று முடிவு செய்து, தலையில் அடித்துக்கொண்டு கதறினர். அவ்வழியே வந்த ஒருவன் அவர்களைக் கண்டான். கண்ட மாத்திரத்தில் பத்துப் பேரும் இருப்பது அவனுக்குப் புலனாயிற்று. 'அழவேண்டாம், பத்தாமவன் இருக்கிறான்' என்று முதலில் தேற்றினான். பின்னர் ஒருவனை எண்ணச் செய்து, 'ஒன்பது' என்று அவன் நிறுத்திய இடத்தில், 'பத்தாமவன் நீயே' என்று காட்டினான்.

இக்கதையை நாம் இளமையில் வேறு வடிவில் கேட்டுச் சிரித்திருக்கிறோம். வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய 'பரமார்த்த குருவின் கதை'யில், குருவும் அவருடைய ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்து, ஆறு பேரை ஐவராக எண்ணிப் புலம்பும் இடம் தமிழர் நன்கு அறிந்தது. அங்கே அது மூடர்களை நகையாடும் கதை. வேதாந்த நூல்களிலோ அதே கதை நம்மைச் சுட்டி நிற்கிறது. ஆதிசங்கரர் தம் 'உபதேச சாஹஸ்ரி'யில் பத்தாமவனை உவமையாக எடுத்தாள்கிறார். 14-ஆம் நூற்றாண்டினரான வித்தியாரண்யர், 15 பிரகரணங்கள் கொண்ட 'பஞ்சதசி' என்னும் நூலில், 'திருப்தி தீபம்' என்ற ஏழாம் பிரகரணத்தில் இதனை விரித்துரைக்கிறார். தாண்டவராய சுவாமிகள் தமிழில் இயற்றிய 'கைவல்லிய நவநீத'மும் இவ்வுவமையைப் போற்றுகிறது.

வித்தியாரண்யர் இக்கதையில் ஏழு நிலைகளைப் பிரித்துக் காட்டுகிறார். பத்தாமவன் தானே என்று அறியாதது அஞ்ஞானம். 'பத்தாமவன் காணப்படவில்லை, ஆகவே அவன் இல்லை' என்று துணிந்தது ஆவரணம், அதாவது மறைப்பு. 'ஐயோ, மாண்டான்' என்று அழுது தலையில் அடித்துக்கொண்டது விட்சேபம், அதாவது அலைக்கழிவு. வழிப்போக்கன் தேற்றியபோது, 'எங்கோ உயிருடன் இருக்கிறான்' என்று பிறந்த நம்பிக்கை பரோட்ச ஞானம். 'நீயே' என்று காட்டியபோது விளங்கியது அபரோட்ச ஞானம். அழுகை ஓய்ந்தது துயர நீக்கம். அதன்பின் எழுந்த மனநிறைவு திருப்தி.

இவ்வரிசையில் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அறியாமை சிறியது, அதிலிருந்து பிறந்த முடிவு பெரியது, அம்முடிவிலிருந்து எழுந்த அழுகை அதனினும் பெரியது. அழுகை பொய்யன்று, கண்ணீர் உண்மையாகவே வழிந்தது. ஆனால் அக்கண்ணீருக்குக் காரணமான இழப்பு எங்கும் நிகழவில்லை. வழிப்போக்கன் ஆற்றில் மூழ்கித் தேடி எவரையும் மீட்டுக் கொடுக்கவில்லை. முன்பு இல்லாத பத்தாமவன் ஒருவனைப் படைத்துத் தரவும் இல்லை. இதனை உளங்கொண்டே பகவான் ரமண மகரிஷி, 1928-இல் இயற்றிய 'உள்ளது நாற்பது' என்னும் நூலில் பத்தாமவனை நினைவூட்டுகிறார். தேடும்போதும் அவன் பத்தாமவனே. கண்டபோதும் அவன் பத்தாமவனே. ஆதலின், சாதனை செய்யும்வரை இருமை மெய், அதன்பின் ஒருமை மெய் என்று கொள்வது பொருந்தாது என்பது அவர் கருத்து.

இனி, இதனை நம் வாழ்வோடு ஒட்டிப் பார்ப்போம். பிறந்த ஊரை விட்டுப் பல நூறு கல் தொலைவில் வாழும் நம்மைப் போன்றோருக்கு எண்ணிக் கணக்கிடும் பழக்கம் சற்று மிகுதி. டில்லியில் இருப்பினும், மும்பையில் இருப்பினும், கொல்கத்தாவில் இருப்பினும், மாதக் கடைசிக்கு எத்தனை நாள், ஊருக்கு அனுப்ப வேண்டிய தொகை எவ்வளவு, பொங்கலுக்கு விடுப்புக் கிடைக்குமா, ரயிலில் இடம் கிடைக்குமா என்று மனம் எண்ணிக்கொண்டே இருக்கிறது. இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத மற்றொரு கணக்கும் ஓடுகிறது. 'நான்' யார் என்று பிறர்க்கும் நமக்கும் சொல்லிக்கொள்ளும் கணக்கு அது. உடல், ஊர், மொழி, குலம், தொழில், வருவாய், உறவு, பிறர் தரும் மதிப்பு, நம் எண்ணங்கள் என ஒன்பதை அதில் வரிசையாக அடுக்கலாம். இவற்றுள் ஒன்று குறைந்தாலும், 'நானே குறைந்துபோனேன்' என்று மனம் கதறுகிறது.

வேற்று மாநிலத்தில் வாழ்வோர் இக்கணக்கின் தடுமாற்றத்தை மற்றவரினும் தெளிவாக அறிவர். இங்கே அண்டை வீட்டார் நம்மை 'மதராசி' என்கின்றனர். கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றால், நம் உறவினரே 'டில்லிக்காரர் வந்துவிட்டார்' என்று வரவேற்கின்றனர். இங்கே நம் தமிழ் ஒரு அடையாளம். அங்கே நம் தமிழில் கலந்த இந்திச் சொல் ஓர் அடையாளம். அலுவலகத்தில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், பிள்ளைகளின் பள்ளியில் 'இன்னாரின் தகப்பனார்' என்ற பெயர். இவ்வாறு இடத்துக்கு இடம் மாறுவது 'நான்' ஆக இருக்க முடியுமா? மாறும் பெயர்கள் அனைத்தையும் ஏற்றும் கழற்றியும் வருகின்ற ஒருவன் உண்டன்றோ? எண்ணப்பட்டவை ஒன்பது. எண்ணுகின்றவன் அவ்வொன்பதில் சேரவில்லை.

'அவன் எங்கே? காட்டுங்கள்' என்று கேட்பது இயல்பு. கண் உலகிலுள்ள யாவற்றையும் காண்கிறது. ஆனால் தன்னைத் தன் எதிரே வைத்துக் காண்பதில்லை. அதனால் கண் இல்லை என்று எவரும் கூறார். காண்பதே கண் இருப்பதற்குச் சான்று. அதுபோன்றே, நேற்றுச் சினம் எழுந்தது, இன்று தணிந்தது என்று நாம் கூறும்போது, சினம் வந்ததையும் போனதையும் அறிந்த ஒன்று வராமலும் போகாமலும் இருந்திருக்க வேண்டும். சினத்தோடு அதுவும் போயிருந்தால், 'போயிற்று' என்று சொல்வார் யார்? அச்சமும், ஆசையும், தனிமையும் இவ்வாறே அறியப்படுகின்றன. அறியப்படும் பொருள் வேறு. அறியும் அறிவு வேறு.

நாள்தோறும் நாம் கடந்து செல்லும் உறக்கமும் இதற்குச் சான்று பகர்கிறது. 12 மந்திரங்களே கொண்ட மாண்டூக்கிய உபநிடதம் விழிப்பு, கனவு, ஆழ்ந்த உறக்கம் என்னும் மூன்று நிலைகளையும், அவற்றுக்கு ஆதாரமாய் விளங்கும் நான்காவதையும் ஆராய்கிறது. ஆழ்ந்த உறக்கத்தில் டில்லியும் இல்லை, தஞ்சையும் இல்லை. அதிகாரியும் இல்லை, எழுத்தரும் இல்லை. கடனும் இல்லை, சேமிப்பும் இல்லை. ஒன்பதும் ஒருங்கே மறைந்துவிடுகின்றன. ஆயினும் காலையில் எழுந்து, 'ஒன்றும் தெரியாமல் சுகமாக உறங்கினேன்' என்கிறோம். ஒன்பதும் அற்ற இடத்திலும் நாம் அழிந்து போகவில்லை. அழிந்து போகாதது மட்டுமன்று, அங்கே சுகமாகவும் இருந்தோம். அதனாலன்றோ ஒவ்வோர் இரவும் அந்நிலையை அச்சமின்றி நாடிச் செல்கிறோம்?

இவ்வளவும் கேட்ட பின்னர் ஒரு நியாயமான ஐயம் எழும். 'இதையெல்லாம் பல முறை படித்தும் கேட்டும் இருக்கிறோம். ஆயினும் மேலதிகாரி பலர் முன்னிலையில் ஒரு கடுஞ்சொல் சொன்னால் அன்றிரவு உறக்கம் வருவதில்லை. அப்படியாயின் இந்த ஞானத்தால் விளைந்த பயன் என்ன?' எத்தனையோ நல்லவர்கள் இந்த இடத்திலேயே மனம் சோர்ந்து, வேதாந்தம் தமக்கு ஏற்றதன்று என்று விலகிவிடுகின்றனர். அவர்களுக்காகவே வித்தியாரண்யர் கதையின் முடிவில் ஒரு நுட்பத்தைச் சேர்த்திருக்கிறார்.

அழுதபோது பத்தாமவன் தலையில் அடித்துக்கொண்டான் அல்லவா? அதனால் தலையில் புண் உண்டாயிற்று. 'பத்தாமவன் நானே' என்று அறிந்த அக்கணத்திலேயே அழுகை நின்றுவிட்டது. ஆனால் புண் அக்கணத்தில் ஆறவில்லை. அது மெல்ல மெல்ல ஆறி முடிய ஒரு மாத காலம் ஆயிற்று. தான் இருப்பதை அறிந்த மகிழ்ச்சி, அப்புண்ணின் வலியையும் பொறுத்துக்கொள்ளும் ஆற்றலை அவனுக்குத் தந்தது. பிராரப்த வினையின் பயன் ஞானம் பிறந்த பின்னும் தொடர்வதை விளக்குவதற்காக ஆசிரியர் கூறுவது இது. ஆயினும் நம் போன்றோரின் மனவாழ்வுக்கும் இது பெரிய ஆறுதல் தருவதாகும்.

பல ஆண்டுகளாக நாமே நம் தலையில் அடித்துக்கொண்ட அடிகள் பல. பிறருடன் ஒப்பிட்டு வருந்திய வருத்தம், மதிப்பை வேண்டி ஏங்கிய ஏக்கம், இழந்தவற்றை எண்ணி நொந்த நோவு ஆகிய இவையெல்லாம் தழும்புகளாகவும் ஆறாப் புண்களாகவும் மனத்தில் தங்கியுள்ளன. ஒரு நூலைப் படித்த மாலையில் அவை மறைந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. அறிவுக்கும் பழக்கத்துக்கும் உள்ள வேற்றுமை இது. கடுஞ்சொல் கேட்டு மனம் துடிப்பது பழம்புண்ணின் வலி. 'நானே சிறியவன் ஆகிவிட்டேன்' என்று முடிவு கட்டுவது மீண்டும் தலையில் அடித்துக்கொள்வதற்கு ஒப்பாகும். முன்னதைத் தடுக்க இயலாது, பின்னதை நிறுத்தலாம். புதிய அடி விழாவிடின் பழைய புண் தானே ஆறிவிடும்.

மற்றொரு புறத்தில் ஓர் இடறும் உண்டு. 'எல்லாம் ஒன்றே, எல்லாம் மாயை, ஆகவே எனக்கென்ன?' என்று கடமையிலிருந்து நழுவுவோர் உளர். இது அத்துவைதமன்று, சோம்பலுக்குப் போர்த்திய வேதாந்தப் போர்வை. மகரிஷியின் வாழ்வில் நாம் யாவரும் அறிந்த ஒரு நிகழ்ச்சி இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. 1896-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மதுரையில் தம் சிற்றப்பாவின் இல்லத்தில், பதினாறு வயதுச் சிறுவராக இருந்த அவரை மரண பயம் பற்றியது. அதனை அஞ்சி ஓடாமல், உடல் இறப்பதாயின் 'நான்' இறக்குமோ என்று உள்நோக்கி ஆராய்ந்து தம் உண்மையைக் கண்டார். அவ்வாண்டு ஆகஸ்டு மாத இறுதியில் வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டபோது ஒரு கடிதம் எழுதி வைத்தார். 'நான்' என்று தொடங்கிய அக்கடிதம், அடுத்து 'இது' என்றே தம்மைக் குறிப்பிட்டது. முடிவில் கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் பெயர் இல்லை. ஒரு கோடு மட்டுமே இருந்தது.

'நான்' கரைந்துபோன அதே கடிதத்தில் கணக்கு மட்டும் கரையவில்லை என்பது வியப்பூட்டுவது. தமையனாரின் கல்லூரிச் சம்பளத்துக்காகத் தரப்பட்ட ஐந்து ரூபாயில் தம் பயணத்துக்கு மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டைக் கடிதத்துடன் வைத்தார். சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்பதையும், இரண்டு ரூபாய் இருப்பதையும் அதில் தெரிவித்தார். அகந்தை நீங்குவதால் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. பிறர்க்குச் சேர வேண்டியது முன்னினும் தெளிவாகத் தெரிகிறது.

பிறரை நடத்தும் முறையிலேதான் ஒருமை உணர்வு பெரிதும் சோதிக்கப்படுகிறது. கங்கைக் கரையில், காசி நகரின் தெருவில், ஆதிசங்கரரைப் பற்றி வழங்கும் வரலாறு ஒன்று உண்டு. எதிரே வந்த புலையர் ஒருவரை விலகிப்போகுமாறு கூறினர். அதற்கு அவர், 'எதனை விலகச் சொல்கிறீர்? சோற்றால் ஆகிய இவ்வுடலிலிருந்து சோற்றால் ஆகிய அவ்வுடல் விலக வேண்டுமா? அல்லது எங்கும் நிறைந்த அறிவிலிருந்து அறிவு விலக வேண்டுமா?' என்னும் கருத்துப்படக் கேட்டார். சங்கரர் அக்கேள்வியின் உண்மையை உணர்ந்து அவரைக் குருவாக ஏற்று வணங்கினார் என்று மரபு கூறுகிறது. 'மனீஷா பஞ்சகம்' என்னும் நூல் அப்போது பிறந்தது என்பர்.

இவ்வரலாற்றைக் கேட்டுக் கைகூப்பும் நம் வீடுகளில், பாத்திரம் துலக்க வரும் அம்மையாருக்குத் தனித் தம்ளர் எதற்கு? தீண்டாமையை நம் அரசியல் சட்டம் 1950-ஆம் ஆண்டிலேயே 17-ஆவது விதியால் ஒழித்துவிட்டது. சட்டம் நம் வாயிற்படி வரையில் வரும். அடுக்களை அலமாரியில் உள்ள தம்ளரை மாற்ற வேண்டியவர்கள் நாமே. 'மதராசி' என்று பிறர் நம்மை ஒதுக்கும்போது எழும் வலியை நாம் அறிவோம். அந்த வலி நமக்குக் கற்பித்த பாடம், பிறரை ஒதுக்காமை அன்றி வேறென்ன? எண்ணிக்கையில் ஒருவன் விடுபட்டதற்கே பத்துப் பேரும் அழுதனர். ஒருவரை வேண்டுமென்றே எண்ணாமல் விடுவோமாயின், நம் கணக்கு எங்ஙனம் நேராகும்?

இந்த ஆராய்ச்சிக்கு ஓய்வும் தனிமையும் இன்றியமையாதன அல்ல. 'நான் யார்?' என்னும் சிறு நூல் பிறப்பதற்குக் காரணமானவர், தென்னார்க்காடு மாவட்டத்து வருவாய்த் துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை அவர்கள். உத்தியோக நிமித்தம் திருவண்ணாமலைக்கு வந்த அவர் மலைமேல் சென்று வினவ, பேசாதிருந்த இளம் ரமணர் விடைகளை எழுதிக் காட்டினார். நம் காலத்துக்கு இன்னும் அருகில், மும்பையில் வாழ்ந்த நிசர்கதத்த மகராஜைக் காண்கிறோம். 1897-இல் பிறந்து 1981-இல் மறைந்த அவர், பீடி விற்கும் கடை நடத்திக் குடும்பத்தைக் காத்தவர். 'நான் இருக்கிறேன்' என்ற உணர்வை விடாது பற்றி நிற்குமாறு தம் குரு சித்தராமேசுவர் மகராஜ் கூறியதை நம்பி, கடைக்கும் வீட்டுக்கும் இடையில் கிடைத்த வேளைகளில் அதனையே பயின்றார். இரைச்சல் மிக்க கேத்வாடித் தெருவில் இருந்த அவருடைய சிறு அறையைத் தேடி, பின்னாளில் பல நாட்டினரும் வந்தனர்.

ஆதலின் நாமும் இருந்த இடத்திலேயே தொடங்கலாம். பேருந்துக்காக நிற்கும் வேளையில், மின்சார ரயிலின் நெரிசலில், ஊரிலிருந்து கவலை தரும் செய்தி வந்த இரவில், மனத்தில் ஓர் அலை எழும்போது, 'இது யாருக்கு?' என்று மெல்லக் கேட்கலாம். 'எனக்கு' என்று விடை வரும். 'அந்த நான் யார்?' என்று மீண்டும் கேட்டு, சொல்லால் விடை தேடாமல் சிறிது நிற்கலாம். அலை அப்போதே அடங்காமலும் இருக்கலாம். அதனால் கேடில்லை. அலையோடு அடித்துச் செல்லப்படாமல் அதனை அறிந்து நின்ற ஒரு கணம், புண் ஆறுவதற்குக் கிடைத்த ஒரு நாளாகும். பின்னர் ஊருக்கு அனுப்ப வேண்டியதை அனுப்பலாம். எழுத வேண்டிய கடிதத்தை எழுதலாம். கடமை ஒன்றும் குறைவதில்லை.

ஊரை விட்டு ஆறுகள் பல கடந்து வந்தவர்கள் நாம். கடந்து வந்தபோது எதையோ இழந்துவிட்டோம் என்ற ஏக்கம் நம்மில் பலருக்கு உண்டு. வீட்டையும், உற்றாரையும், பழகிய கோயில் மணியோசையையும் பிரிந்த பிரிவு மெய்யானதே. அதனை மாயை என்று தள்ள வேண்டுவதில்லை. ஆனால் 'நான்' என்னும் பத்தாமவனை எந்த ஆறும் கொண்டுபோய்விடவில்லை. காவிரிக் கரையில் இருந்தபோது எவன் இருந்தானோ, யமுனைக் கரையிலும் அவனே இருக்கிறான். அவனைத் தேடி ஊருக்குத் திரும்ப வேண்டியதில்லை. மலைக்குச் செல்ல வேண்டியதும் இல்லை. ஒன்பது வரை எண்ணி, ஒருவன் குறைகிறான் என்று நெஞ்சு பதறும் வேளைகளில், எண்ணுகின்றவனைச் சற்றுத் திரும்பி நோக்குவோமாக.